மேலே பாறை, கீழே களிமண்: சிவிதா தி பான்யோரேஜோவை எப்படிப் பார்க்க வேண்டும்

கேள்வி இதுதான்: ரோமுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கினால், இத்தாலியில் பாறை உச்சியில் இருக்கும் சிவிதா தி பான்யோரேஜோ என்ற சிற்றூரைப் பார்த்துவிட்டு வந்துவிட முடியுமா? பாலத்தில் நின்று படம் எடுப்பதைத் தவிர அங்கே என்ன இருக்கிறது? அதை ஏன் 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்கிறார்கள்?

போய் வந்துவிடலாம். ஊர் என்று பார்த்தால் ஒரு முக்கியத் தெரு, சில சந்துகள், ஒரு சதுக்கம். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடக்க ஐந்து நிமிடம் போதும். அதை மட்டும் பார்க்கப் போகிறவர்கள் அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள், "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்ற நினைப்போடு. அந்த ஊர் எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் கதையே வேறு. பாலம், நுழைவுக் கட்டணம், ஆயர் (பிஷப்) ஊரை விட்டுப் போனது, வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் ஜன்னல் எல்லாமே அடியில் இருக்கும் மண்ணால் வந்தவை. அதனால் மண்ணை முதலில் சொல்லிவிட்டு, பிறகு வழி, நேரம், செலவுக்கு வருகிறேன்.

பெயரை உச்சரிக்கும் விதம் டிக்கெட் கேட்கும்போது உதவும். 'சிவப்பு'வில் வரும் சி அல்ல, 'பூச்சி'யில் வரும் ச்சி. பான்யோரேஜோ என்பது பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர். பேருந்தில் அந்தப் பெயர்தான் எழுதியிருக்கும். சிவிதா அதன் ஒரு பகுதி, பேருந்து அங்கே போகாது.

இடம் லாட்சியோ மாநிலத்தின் வடகோடியில், வித்தெர்போ மாவட்டத்தில் இருக்கிறது. ரோமிலிருந்து வடக்கே சுமார் 120 கி.மீ. உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 440 மீட்டர். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. அப்போது படிந்த சாம்பல் நிறக் களிமண்தான் அடித்தளம். கடல் விலகிய பிறகு மேற்கே இருந்த வுல்சினி எரிமலைகள் திரும்பத் திரும்ப வெடித்து, சாம்பலையும் நுரைக்கல்லையும் அந்தக் களிமண் மேல் அடுக்கடுக்காகக் கொட்டின. கடைசியில், சுமார் 3,30,000 ஆண்டுகளுக்கு முன்பு, கொதிக்கும் சாம்பல் மேகம் ஒன்று தரையோடு தரையாகப் புரண்டு வந்து படிந்து இறுகியது. சிவிதாவின் தலையில் இருக்கும் மூடிப்பாறை அதுதான். 20 மீட்டர் அளவுக்குத் தடிப்பு. அந்த எரிமலைகள் உள்வாங்கிச் சரிந்த பள்ளத்தில் இன்று போல்சேனா ஏரி இருக்கிறது. 114 சதுர கி.மீ. பரப்பு, 151 மீட்டர் ஆழம். ஊரிலிருந்து காரில் போனால் அதிக நேரம் ஆகாது.

சாம்பல் இறுகிய இந்தப் பாறையை அங்கே 'தூஃபோ' என்பார்கள். மஞ்சளும் செம்மண் நிறமும் கலந்தது. கைக்கோடரியால் வெட்டலாம், அறை குடையலாம், வெட்டிய கல்லாலேயே வீடு கட்டலாம். பாரம் தாங்குவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆறி இறுகும்போது மேலிருந்து கீழாக நெட்டுக்குத்தான பிளவுகள் விழுந்திருக்கின்றன. மழைத்தண்ணீர் அந்தப் பிளவுகள் வழியாக இறங்குகிறது. களிமண்ணைத் தொட்டதும் அதற்கு மேல் போக வழியில்லாமல் பக்கவாட்டில் கசிகிறது. களிமண் ஊறிப் பொதும்பி வலுவிழக்கிறது. கோடையில் காய்ந்து சுருங்கி வெடிக்கிறது. அந்த வெடிப்பில் அடுத்த மழை இன்னும் ஆழமாகப் புகுகிறது.

இது மேலே. கீழே இரண்டு ஓடைகள். ஒன்று ரியோ கியாரோ, தெளிந்த ஓடை என்று பொருள். மற்றது ரியோ தோர்பிதோ, அதாவது கலங்கிய ஓடை. இரண்டும் களிமண் பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டே இறங்குகின்றன. அடிவாரம் அறுபட அறுபடச் சரிவு செங்குத்தாகிறது, களிமண் வழுக்குகிறது, பாறையின் ஓரத்துக்குக் காலடியில் பிடிமானம் இல்லாமல் போகிறது. அப்போது ஏற்கெனவே இருக்கும் நெட்டுப் பிளவில் ஒரு துண்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்து, ஒருநாள் மொத்தமாக விழுகிறது. காற்றும் மழையும் ஊரின் தலையைக் கரைக்கின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். கரைவது கால். ஓரத்து வீட்டுச் சுவரை எவ்வளவு நன்றாகப் பூசினாலும் பயன் இல்லாததற்குக் காரணம் இதுவே.

பாதுகாப்பு வேலைகளும் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. பாறை முகத்தில் துளையிட்டு எஃகுக் கம்பிகளைச் செருகி இறுக்குகிறார்கள். உதிரும் இடங்களில் எஃகு வலை விரிக்கிறார்கள். ஓடைகளின் குறுக்கே சிறு தடுப்பணைகள் கட்டி, தண்ணீர் அடிமண்ணை அறுக்கும் வேகத்தைக் குறைக்கிறார்கள். கசிவுநீரை வடிகாலில் திருப்புகிறார்கள். இவற்றால் சரிவு தள்ளிப்போகிறது, நிற்கவில்லை. ஆபத்தில் இருக்கும் 100 நினைவுச் சின்னங்கள் என்று உலக நினைவுச் சின்ன நிதியம் 2006இல் வெளியிட்ட பட்டியலில் சிவிதாவும் இருந்தது.

களிமண் அரிப்பு உண்டாக்கும் நிலத்தோற்றத்துக்கு 'கலாங்கி' என்று பெயர். கத்தியின் முதுகு போன்ற மெல்லிய மேடுகள், அவற்றுக்கிடையே ஆழமான வாய்க்கால்கள், புல் முளைக்காத சாம்பல் வெண்மை. பாலத்துக்கு இந்தப் பக்கம், சிவிதாவை எதிரே பார்க்கும் காட்சிமுனையில் நிற்கிறவர்கள் ஊரையே பார்த்துவிட்டு இதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். ஊரின் நாளைய நிலை அந்தச் சரிவில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பள்ளத்தாக்கில் கோபுரம் போல நிற்கும் ஒரு களிமண் கூம்பை உள்ளூரில் 'கதெத்ராலே', அதாவது பேராலயம் என்பார்கள். சுவர் போல நீளும் மெல்லிய மேடுகளுக்குப் 'பொந்திசெல்லி', சிறு பாலங்கள் என்று பெயர். மே கடைசியிலும் ஜூனிலும் இந்தச் சரிவுகளில் ஜினெஸ்த்ரா புதர்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். அந்த வேர்கள் மண்ணைப் பிடித்து வைக்கும் வேலையையும் செய்கின்றன.

இனி வரலாறு. உரோமர்களுக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்கள் இங்கே குடியேறி ஏறக்குறைய 2,500 ஆண்டுகள் ஆகின்றன. எதிரி ஏற முடியாத உச்சி, வெட்டுவதற்கு எளிய கல், கீழே விளைநிலம். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. அவர்களுக்குப் பிறகு உரோமர்கள், பிறகு லொம்பார்டியர்கள். பான்யோரேஜோ என்றால் 'அரசனின் குளியல்'. லொம்பார்டிய மன்னன் தெசிதேரியுஸ் இங்கிருந்த வெந்நீர் ஊற்றில் குளித்து நோய் தீர்ந்தான் என்பது பெயருக்குச் சொல்லப்படும் கதை.

இடைக்காலத்தில் சிவிதாதான் ஊரின் தலைப்பகுதி. ஆயரும் அதிகாரிகளும் இருந்தது இங்கேதான். இன்றைய பான்யோரேஜோ அப்போது 'ரோத்தா' என்ற புறநகர். இரண்டுக்கும் நடுவே வண்டி போகும் அகலத்துக்கு நிலத்தொடர்ச்சி இருந்தது. 1695 ஜூன் 11 அன்று வந்த நிலநடுக்கம் இதைத் தலைகீழாக்கியது. சிவிதாவின் பல கட்டடங்கள் இடிந்தன, ஆயரும் நகர நிர்வாகமும் ரோத்தாவுக்கு மாறினார்கள், மக்கள் பின்னாலேயே போனார்கள். 1764இல் இன்னொரு நிலநடுக்கம். இடையில் இருந்த கழுத்துப் போன்ற நிலமும் களிமண்தான், அதற்கு மேல் காக்கும் மூடிப்பாறை கிடையாது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. புறநகராக இருந்தது ஊராகவும், ஊராக இருந்தது தீவாகவும் மாறிய கதை இது.

இந்த ஊரில் பிறந்தவர்களில் பெரிய பெயர் புனித பொனவெந்தூரா. இயற்பெயர் ஜொவான்னி ஃபிதான்சா. 1257இல் பிரான்சிஸ்கன் துறவற சபையின் தலைவரானார், 1274இல் லியோன் நகரில் இறந்தார். அவர் பிறந்த வீடு பள்ளத்தாக்கில் விழுந்து மறைந்துவிட்டது. அவருடைய கையெலும்பு மட்டும் பான்யோரேஜோ பேராலயத்தில் பாதுகாக்கப்படுகிறது. 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்ற பெயர் வந்தது 20ஆம் நூற்றாண்டில். வைத்தவர் பான்யோரேஜோவில் பிறந்த எழுத்தாளர் பொனவெந்தூரா தெக்கி (1896–1968). இன்று சுற்றுலா விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டாலும், அவர் அதைத் துயரத்தோடுதான் சொன்னார்.

இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மன் படை அப்போதிருந்த பாலத்தை 1944இல் தகர்த்தது. இப்போது இருக்கும் கான்கிரீட் நடைபாலம் 1965இல் கட்டியது, நீளம் சுமார் 300 மீட்டர். ஆட்கள் வெளியேறிப் பூட்டிக் கிடந்த வீடுகளை 1960களிலிருந்து வாங்கிப் பழுதுபார்க்கத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஆஸ்த்ரா சரீனா. லாத்வியாவில் பிறந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர். வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களை இங்கே கொண்டுவந்து பயிற்றுவித்தார். பழைய கல்லை அந்த இடத்திலேயே வைத்து, அதே சுண்ணாம்புக் காரையில் கட்ட வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2008இல் இங்கேயே இறந்தார்.

2013இல் நகராட்சி நுழைவுக் கட்டணம் போட்டது. தொடக்கத்தில் 1.50 யூரோ, இப்போது 5 யூரோ. ஓர் ஊருக்குள் நுழையப் பணமா என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. என் கருத்தில் அது முழுக்க நியாயமான கட்டணம். ஆண்டு முழுக்கத் தங்கி வாழ்கிறவர்கள் சுமார் பத்துப் பன்னிரண்டு பேர். பார்க்க வருகிறவர்கள் ஆண்டுக்குப் பல லட்சம். பாறையையும் பாலத்தையும் பராமரிக்க மூவாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள பான்யோரேஜோவின் வரிப்பணம் எப்படிப் போதும்? இந்த வருமானம் வந்த பிறகு நகராட்சி தன் குடிமக்களுக்கான உள்ளூர் வரிகளையே நீக்கியது. மறுபக்கமும் இருக்கிறது. வீடுகள் பல விடுதியாகவும் உணவகமாகவும் மாறிவிட்டன. மளிகை வாங்கவும் பள்ளிக்குப் போகவும் பாலத்தைக் கடந்தாக வேண்டும் என்றால் குடும்பமாகத் தங்க யாருக்கு மனம் வரும்?

போகும் வழிக்கு வருவோம். ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து ஃபிரென்ஸே (புளோரன்ஸ்) தடத்தில் போகும் வட்டார ரயிலில் ஏறி ஓர்வியேத்தோவில் இறங்க வேண்டும். ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் அபராதம் கட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். ஓர்வியேத்தோவிலிருந்து கொத்ரால் நிறுவனத்தின் நீலப் பேருந்து பான்யோரேஜோவுக்குப் போகிறது. ஏறத்தாழ 20 கி.மீ. மலைப்பாதை, முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிக்கெட்டை முன்கூட்டியே நிலையத்துப் பெட்டிக்கடையிலோ, 'தபாக்கி' என்னும் புகையிலைக் கடையிலோ வாங்கிவிடுங்கள். திரும்புவதற்கான டிக்கெட்டையும் அப்போதே வாங்குவது நல்லது. பான்யோரேஜோவில் மதிய இடைவேளையில் கடை சாத்தியிருந்தால் தவிக்க வேண்டிவரும்.

பயணம் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: ஞாயிற்றுக்கிழமை. ஓர்வியேத்தோ–பான்யோரேஜோ பேருந்து ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் ஓடாது. மற்ற நாட்களிலும் எண்ணிக்கை குறைவு. நேர அட்டவணை பள்ளி மாணவர்களையும் வேலைக்குப் போகிறவர்களையும் வைத்துப் போட்டது, பயணிகளை வைத்து அல்ல. அதனால் பகல் நடுவில் நீண்ட இடைவெளி வரும், பள்ளி விடுமுறையில் வண்டிகள் இன்னும் குறையும். போகும் நாளுக்கு உரிய அட்டவணையைப் பார்த்து, திரும்பும் கடைசி வண்டி எது என்று குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய வண்டியைப் பிடிக்கும்படி திட்டமிடுங்கள். கடைசி வண்டி தவறினால் மிஞ்சுவது வாடகைக் கார்தான், அதையும் தொலைபேசியில் அழைத்து வரவழைக்க வேண்டும்.

சொந்தமாகக் கார் எடுத்து வருகிறவர்களுக்கு இத்தாலியப் பொது விதிதான். நீலக் கோடு கட்டணம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு அங்கே குடியிருப்பவர்களுக்கு. காட்சிமுனை வரை காரைக் கொண்டுபோகப் பார்க்காதீர்கள். அந்தப் பக்கம் இடம் மிகக் குறைவு. பான்யோரேஜோவின் நுழைவில் நிறுத்திவிட்டு நடக்கலாம், அல்லது அங்கிருந்து காட்சிமுனைக்குப் போகும் சிற்றுந்தில் ஏறலாம். நடை ஏறத்தாழ 2 கி.மீ., கிட்டத்தட்ட சமதளம். நடப்பதையே பரிந்துரைப்பேன். அல்பானா வாயிலைத் தாண்டி ஊரின் நடுத்தெரு வழியாகப் போகும்போது தேவாலயங்களும் வீடுகளும் வரிசையாக வரும். பணம் எடுப்பது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, கழிப்பறை எல்லாவற்றையும் இந்தப் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

காட்சிமுனையில் வெளிச்சத்தைக் கவனிக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் சிவிதா கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் நிற்கும், படத்தில் ஊர் கருநிழலாகத்தான் விழும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு மேல் வெயில் நேராகப் பாறை முகத்தில் அடிக்கும்போது தூஃபோ தேன் நிறத்துக்கு வரும். களிமண் மேட்டின் ஒவ்வொரு மடிப்பும் அப்போது தனித்தனியாகத் தெரியும். கார் இருந்தால் பள்ளத்தாக்கின் வடக்குப் பக்கத்தில் இருக்கும் லுப்ரியானோவுக்கும் போங்கள். அங்கே மதோன்னா தெல் போஜ்ஜோ தேவாலயத்துக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் மூடிப்பாறை, சாம்பல் அடுக்குகள், களிமண் மூன்றும் பக்கவாட்டில் வெட்டி வைத்தாற்போலத் தெரியும். மேலே படித்த மண்ணின் கதையைக் கண்ணால் சரிபார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே பார்வை தெற்கு நோக்கி என்பதால் நடுப்பகலைத் தவிர்த்துவிடுங்கள்.

காட்சிமுனைக்கு அடியில் புனித பொனவெந்தூராவின் குகை இருக்கிறது. எத்ருஸ்கக் கல்லறையாக இருந்து தேவாலயமானது. குழந்தையாக இருந்த ஜொவான்னியைப் பிரான்சிஸ் அசிசியார் இங்கேதான் குணப்படுத்தினார் என்பது மரபு.

பாலத்தில் நிழல் ஒரு சாண் கூடக் கிடையாது. முதல் பகுதி எளிது, ஊரை நெருங்கும் கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். முழங்கால் வலி, இதயத் தொந்தரவு உள்ளவர்கள் அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் யோசிக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை ஏறாதீர்கள், கூட்டமும் அப்போதுதான். குளிர்காலத்தில் பாலத்தின் நடுவில் வாடைக்காற்று ஆளைத் தள்ளும். மழைநாளில் ஊருக்குள் இருக்கும் கற்தளம் வழுக்கும், அடி நன்றாகப் பிடிக்கும் காலணி வேண்டும். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஏற்றலாம், இறக்கும்போது கவனம். சக்கரப் பெட்டியோடு இரவு தங்க வருகிறவர்கள் இரண்டு நாள் துணியை முதுகுப்பையில் எடுத்துக்கொண்டு பெரிய பெட்டியை வேறெங்காவது விட்டு வருவதே நல்லது. வெளி வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஊருக்குப் பொருள் கொண்டுபோகும் மூன்று சக்கரச் சிறுவண்டிகள் மட்டும் ஓடும். முன்பு அந்த வேலையைச் செய்தது கழுதைகள்.

ஊருக்குள் நுழையும் சாந்தா மரியா வாயிலில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த வழியை முதலில் பாறையில் வெட்டியவர்கள் எத்ருஸ்கர்கள், அதன்மேல் இடைக்காலத்து வளைவு. இருபுறமும் கல்லில் செதுக்கிய சிங்கங்கள், ஒவ்வொன்றின் நகத்திலும் ஒரு மனிதத் தலை. ஓர்வியேத்தோவின் மொனல்தெஸ்கி குடும்பத்தின் ஆதிக்கத்தை 15ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் எதிர்த்து எழுந்து வீழ்த்தியதன் நினைவு அது.

வாயிலைத் தாண்டியதும் மறுமலர்ச்சிக் கால மாளிகை ஒன்றின் முகப்பு நிற்கிறது. கதவு இருக்கிறது, மேலே வரிசையாக ஜன்னல் சட்டங்கள் இருக்கின்றன. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அறை இல்லை, கூரை இல்லை, நேராக வானம். மாளிகையின் மற்ற பகுதி முழுக்கப் பாறையோடு போய்விட்டது. சுவரின் ஓரத்தில் நின்று அந்த நிலைச்சட்டத்தின் வழியாக எதிர்ப்பக்கத்துக் களிமண் மேடுகளைப் பாருங்கள். இந்த ஊருக்கு என்ன நடந்தது என்பதை அந்த ஒரு ஜன்னல் சொல்லிவிடும். பெரும்பாலோர் இதைத் தாண்டிச் சதுக்கத்துக்கு விரைந்துவிடுகிறார்கள்.

சதுக்கம் புனித தொனாத்தோவின் பெயரில் உள்ளது. தளம் பாவாத வெறும் மண்ணும் சரளையும்தான். தேவாலயத்தின் முன்னால் வட்டமான பழைய தூண்களின் அடிப்பகுதிகள் நிற்கின்றன. இதே இடத்தில் இருந்த பழங்காலக் கோயிலின் மிச்சம் என்று சொல்வார்கள். 1695 வரை ஆயரின் பேராலயம் இதுதான். உள்ளே இருக்கும் 15ஆம் நூற்றாண்டு மரச்சிலுவையை அவசியம் பாருங்கள். மறுமலர்ச்சிக் காலச் சிற்பி தொனாத்தெல்லோவின் வழிவந்த ஒருவரின் கை என்று கருதப்படுவது. பெரிய வெள்ளிக்கிழமை இரவு இந்தச் சிலுவையைப் பாலத்தின் வழியாகப் பான்யோரேஜோவுக்கு ஊர்வலமாகத் தூக்கிச் செல்வார்கள். நள்ளிரவுக்குள் திரும்பாவிட்டால் அது பான்யோரேஜோவுக்கே சொந்தமாகிவிடும் என்பது நம்பிக்கை.

இதே சதுக்கத்தில் ஜூன் முதல் ஞாயிறும் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறும் 'தொன்னா' என்ற கழுதைப் பந்தயம் நடக்கும். உள்ளூர்ப் பேச்சில் தொன்னா என்றால் வட்டம். அந்த நாட்களில் கார் இல்லாமல் வருவது கஷ்டம், காரணம் மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமைப் பேருந்துதான்.

சதுக்கத்தில் அலெமான்னி மாளிகையில் நிலவியல் மற்றும் நிலச்சரிவு அருங்காட்சியகம் இருக்கிறது, 2012இல் திறந்தது. சின்ன இடம். ஆனால் அடுக்குகளின் மாதிரி, சரிவின் படங்கள், பிளவுகளின் அசைவை அளக்கும் முறை என்று தேவையானதெல்லாம் உண்டு. திறக்கும் நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் ஊரைச் சுற்றுவதற்கு முன் இதைப் பார்ப்பதே சரி.

பெருந்தெருவில் அப்படியே கிழக்கே போங்கள். வீடுகளுக்கு அடியில் தூஃபோவைக் குடைந்த நிலவறைகள் சில திறந்திருக்கும். மழைத்தண்ணீர்த் தொட்டி, ஒயின் அறை, பழைய ஒலிவ எண்ணெய்ச் செக்கு, சுவர் முழுக்கச் சிறு சதுரக் குழிகள் வெட்டிய புறா அறை என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு வேலை. சுவரில் கோடரி பட்ட தடம் வரிவரியாக இன்றும் இருக்கும். இந்தக் குடைவுகள் ஊரை வாழவைத்தன, பாறையை உள்ளிருந்து பலவீனமும் ஆக்கின. தெரு முடிந்து சரிவாக இறங்கும் இடத்தில் மதோன்னா தெல் கார்ச்சேரே குகைத் தேவாலயம். அதுவும் எத்ருஸ்கக் கல்லறையாகத் தொடங்கியதுதான், பெயர் சிறையைக் குறிக்கிறது. அதற்குக் கீழே பாறையின் அடியை ஊடுருவும் 'புக்கயோனே' சுரங்கவழி. ஊர்க்காரர்கள் வயலுக்கு இறங்கப் பயன்படுத்தியது. சரிவு அபாயத்தால் பாதை மூடியிருந்தால் தடுப்பைத் தாண்டாதீர்கள். மழைக்கு மறுநாள் அந்தக் களிமண்ணில் கால் வைத்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும், வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

சாப்பாடு எளிமையானது, அதுவே அதன் சிறப்பு. விறகில் சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து ஒலிவ எண்ணெய் ஊற்றிய புருஸ்கெத்தா, கையால் உருட்டிய தடித்த பிச்சியரெல்லி பாஸ்தா, காட்டுப்பன்றிக் குழம்பு, போர்ச்சீனிக் காளான், போல்சேனா ஏரியின் கொரெகோனே மீன். சைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பு, அவரை சூப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். பன்றிக்கொழுப்பிலோ இறைச்சிச் சாற்றிலோ ஆரம்பித்திருக்கலாம். 'சென்சா கார்னே, சென்சா ப்ரோதோ' (இறைச்சி வேண்டாம், இறைச்சிச் சாறு வேண்டாம்) என்று இரண்டையும் சொல்லுங்கள். உணவகங்கள் மதியம் ஏறத்தாழ பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரைதான். மூன்று மணிக்குப் பசித்தால் கிடைப்பது ரொட்டிதான்.

ஒரே நாளில் திரும்புகிறவர்கள் மிச்ச நேரத்தை ஓர்வியேத்தோவில் செலவழிக்கலாம். அதுவும் இதே கதையின் இன்னொரு அத்தியாயம். அதே சாம்பல் மேகம் படிந்த பாறை, அதற்கு அடியில் அதே களிமண். ஆனால் பரப்பு பெரியது, காப்பாற்ற 1978இல் தனிச் சட்டமே போட்டார்கள். அங்கே புனித பத்ரிசியோ கிணற்றில் இறங்கிப் பாருங்கள். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது ஓடிவந்த திருத்தந்தை ஏழாம் கிளமெந்து, முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டும் என்று தோண்டச் சொன்னது. வடிவமைத்தவர் இளைய அந்தோனியோ தா சங்கால்லோ. 53 மீட்டர் ஆழம், 248 படிகள். இறங்கும் கழுதையும் ஏறும் கழுதையும் எதிரெதிரே சந்திக்காதபடி இரட்டைச் சுருள் வழி. மேலே தூஃபோ, கீழே களிமண், தண்ணீர் கிடப்பது அடியில். சிவிதாவைச் சரிக்கும் அதே தண்ணீர்க் கணக்கு இங்கே ஊருக்குக் குடிக்கக் கொடுத்தது.

முடிந்தால் ஓர் இரவு சிவிதாவிலேயே தங்குங்கள். மாலை ஐந்து, ஆறு மணிக்கு மேல் பகல்நேரக் கூட்டம் பாலத்தில் இறங்கிவிடும். தெருவில் பூனைகளும், ஜெரேனியத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் ஓரிருவரும் இருப்பார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மழை விட்ட மறுநாள் காற்று இல்லாத காலையில் பள்ளத்தாக்கு பனிமூட்டத்தால் நிரம்பி, களிமண் மொத்தமும் மறைந்து பாறையும் ஊரும் மட்டும் மேலே நிற்கும். விடிந்து சிறிது நேரத்தில் கலையத் தொடங்கிவிடும். அதனால் முதல் வெளிச்சத்துக்கு முன்பே பாலத்தின் பான்யோரேஜோ முனைக்கு இறங்கி நின்றுவிடுங்கள்.